எடுக்க முடியாத மீதி

பிப்ரவரி 6, 2023, திங்கள்

காலை 4.50, 5.40, 6.30, 7.05.

கோயமுத்தூர் டாக்டரம்மா மூன்று நாளைக்கு எழுதி வரச் சொன்னார். எத்தனை மணிக்குப் போகிறேன், அடக்க முடிகிறதா, வலி பத்துக்கு எவ்வளவு. அதற்கென்று கட்டம் போட்ட தாள் ஒன்றும் கொடுத்தார். அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் யார் கண்ணிலாவது பட்டால் மானம் போய்விடும். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்த இந்த டைரி சும்மா கிடந்தது. டைரி என்றால் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

8.20, 9.30, 11.00, 12.10, 1.45, 3.20, 5.00, 6.15, 8.00. ராத்திரி கணக்கு நாளைக்கு.

வலி ஐந்து என்று போட்டிருக்கிறேன். பத்து என்றால் எப்படி இருக்கும் என்று தெரியாதபோது ஐந்தை எப்படிப் போடுவது?

பிப்ரவரி 7, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்புக்கு ஸ்கிப்பிங். பிள்ளைகள் நாற்காலி கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க மிஸ்" என்றார்கள். பி.டி. டீச்சர் உட்கார்ந்தால் கிரவுண்டே உட்கார்ந்துவிடும் என்றேன். சிரித்தார்கள். உட்கார்ந்தால் உள்ளே கண்ணாடித் துண்டின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

விளையாட்டுச் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேடு மாற்றினேன். இரண்டு தடவை.

வரும் வழியில் மருந்துக்கடை. எப்போதும் போகும் கடை இல்லை, பொள்ளாச்சி ரோட்டில் இருப்பது. மகளுக்கு என்று சொல்லி இரண்டு பாக்கெட் வாங்கினேன். பவதாரணி பெங்களூருக்கு வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது.

பிப்ரவரி 8, புதன்

பதினான்கு தடவை. வலி ஆறு. சனிக்கிழமை வெளியே போக வேண்டும், மாவு அரைத்து வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, சனி

தாராபுரத்திலிருந்து கோயமுத்தூர் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். கண்டக்டர் இரண்டு முறை, "சீட்டு இருக்குதுங்களே" என்றார். வீட்டுக்காரர் கடையை அடைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். மோட்டார் காயில் கட்டும் கடை. வெயில் ஆரம்பித்துவிட்டால் தோட்டத்து மோட்டார்கள் வரிசையாக வந்து நிற்கும். அதனால் நான் மட்டும்.

டாக்டரம்மா என் டைரியை வாங்கிப் படித்தார். நான் மற்றதையும் எழுதியிருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் அதையும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மேஜையில் படுக்க வைத்துப் பரிசோதித்தார். கை பட்டதும் கத்திவிட்டேன்.

பிறகு எதிரே நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்.

"இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதாச்சும்?"

"2019 ஜூலையில, திருப்பூர்லங்க. இருமினா, குதிச்சா மூத்திரம் போயிட்டிருந்துச்சு. தளர்ந்து போன இடத்தைத் தூக்கித் தைக்கிறோம்னு சொன்னாங்க."

"தைச்சாங்கன்னுதான் சொன்னாங்களா?"

"ஆமாங்க."

"வீட்டுக்காரரோட சேர்ந்து இருக்கறது உண்டா?"

"இல்லைங்க."

"எவ்வளவு நாளா?"

சுவரில் காலண்டர் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "2020-லிருந்துங்க."

"வலியாலயா?"

எனக்கு நாற்பத்தொன்பது வயது. இதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. "எனக்கு வலிதானுங்க. ஆனா அவருக்கும் குத்துச்சுங்க. ரத்தம் வந்துச்சு. அவருக்கு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குத் தையல் போடலைம்மா. வலை வெச்சிருக்காங்க. பிளாஸ்டிக் நூல்ல பின்னின நாடா. அது உள்ளே சதையை அறுத்துக்கிட்டு வெளியே வந்திருக்கு. கையில தட்டுப்படுது."

"வலையா?" என்றேன். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. எடுக்க முடியுமா என்று கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். பல்லடம் தாண்டிய பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 12, ஞாயிறு

காலையில் அவர் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ச் சொன்னேன், "எனக்குள்ள வலை வெச்சிருக்காங்களாம்."

"யாரு சொன்னாங்க?" என்று கேட்டார்.

டாக்டரம்மா சொன்னது முழுவதையும் சொன்னேன். பாதியில் குழாயை மூடிவிட்டுத் துணியைப் பிழிந்தார். கடையில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

கீரைக் குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தேன். மூன்று மணிக்குத்தான் சாப்பிட வந்தார். அவர் ஹாலில் படுத்துத் தூங்கினார். ராத்திரியும் அங்கேதான். இப்போது சில வருடமாகவே அப்படித்தான். காற்று அங்கே நன்றாக வருகிறதாம்.

மார்ச் 4, சனி

டாக்டர் தண்டபாணியைப் பார்க்கத் திருப்பூர் போனேன். பவதாரணி பிறந்தது அவர் கையில்தான், 2019 ஆபரேஷன் செய்ததும் அவர்தான். அந்த ஆஸ்பத்திரியில் அவரைக் கும்பிடாத ஆள் கிடையாது. நானும் கும்பிட்டேன்.

"வா சாந்தாமணி. பாப்பா எப்படி இருக்கா? கல்யாணம் கில்யாணம்?"

சொன்னேன். வலை வெளியே வந்திருப்பதைச் சொல்லும்போதே அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை.

"லேசா வெளியே தெரியுது, அவ்வளவுதான். ஒரு ஆயின்மென்ட் எழுதறேன், ராத்திரி வெச்சுக்கோ. இந்த வயசுல உள்ளே காஞ்சு போறதுதான். உலகம் பூரா வெக்கறாங்கம்மா இதை."

"எங்கிட்டத் தையல்னு சொன்னீங்களே டாக்டர்."

"உனக்குப் புரியற மாதிரிச் சொல்லியிருப்பேன். வலை, மெஷ்ஷுன்னா பயந்துக்குவ."

கேஸ் ஷீட் வேண்டும் என்றேன். எடுக்க முடியுமா என்று கோயமுத்தூருக்கு போன் செய்து கேட்டிருந்தேன், எந்தக் கம்பெனி வலை, எவ்வளவு நீளம் என்று தெரிந்தால் எடுப்பது சுலபமாம். வலையோடு ஒரு ஸ்டிக்கர் வருமாம், அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்களாம்.

அவர் சிரித்தார். "ஏன், கேஸ் போடப் போறியா?"

அதுவரைக்கும் எனக்கு அந்த எண்ணமே இல்லை.

வெளியே வந்து படியில் நின்றேன். நான் இந்தப் படியில் இறங்கி வீட்டுக்குப் போன ஆறாவது வாரம், குறுவட்டப் போட்டிக்கு த்ரோபால் டீமைக் கூட்டிக்கொண்டு போனேன். பெஞ்சில் தாவித் தாவிக் கத்தினேன். ஒரு சொட்டுப் போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் டாக்டருக்கு போன் போட்டு அழுதுகொண்டே நன்றி சொன்னேன். அந்த நன்றியைத் திருப்பி வாங்க முடியாது.

மார்ச் 9, வியாழன்

பிலோமினாவுக்கு போன் செய்தேன். 2006 டீமில் சர்வீஸ் போட்டவள், இப்போது திருப்பூரில் வக்கீல். மாணவியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் யோசித்தேன். "உடம்பு விஷயம்" என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டேன்.

"மிஸ், நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். பேப்பர் எல்லாத்தையும் அனுப்புங்க. நானே படிச்சுக்கறேன்" என்றாள்.

நல்ல பெண்.

ஏப்ரல் 19, புதன்

கேஸ் ஷீட் கேட்டு பிலோமினா அனுப்பிய கடிதத்துக்குப் பதிவுத் தபாலில் ஆஸ்பத்திரியின் பதில் வந்தது. உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்று வருடம் வரைதான் வைத்திருப்பது விதி. 2019ஆம் ஆண்டு ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன.

என்னிடம் இருப்பது டிஸ்சார்ஜ் தாள் ஒன்றுதான். அதில் வலை என்று எங்கேயும் இல்லை.

அரிசி தீர்ந்துவிட்டது. மிளகாய் காயப்போட்டேன். வலி ஏழு.

ஜூன் 12, திங்கள்

பள்ளி திறப்பு. தலைமை ஆசிரியை கூப்பிட்டார். "சாந்தாமணி, இந்த வருசம் நீங்க புத்தகம், சைக்கிள் விநியோகத்தைப் பாத்துக்கங்க. கிரவுண்டை நிவேதா பாக்கட்டும். சின்னப் பொண்ணு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தலையாட்டினேன். ஸ்டோர் ரூமில் புத்தகக் கட்டுகளைப் பிரித்து எண்ணினேன். ஜன்னல் வழியே விசில் சத்தம் கேட்டது. அந்தப் பெண் விசிலை நீளமாக ஊதுகிறாள். அப்படி ஊதினால் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். சுருக்காக ஊத வேண்டும்.

ஜூன் 21, புதன்

நுகர்வோர் ஆணையத்தில் புகாரைப் பதிவு செய்தாயிற்று. பிலோமினா எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். "தாம்பத்திய வாழ்வை இழந்தது" என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"எடுத்தா அது நடக்கலைன்னு ஆயிடும் மிஸ்."

விட்டுவிட்டேன். அவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

ஆஸ்பத்திரியின் பதில் மனு வந்தது. முப்பத்திரண்டு பக்கம். காலம் கடந்த புகார் என்கிறார்கள். தெரிந்த பின்விளைவு என்கிறார்கள். பணம் பறிக்கும் நோக்கம் என்கிறார்கள். இதையெல்லாம் பிலோமினா முன்பே சொல்லியிருந்தாள்.

கடைசியில் ஒரு தாள் இணைத்திருந்தார்கள். ஆபரேஷனுக்கான ஒப்புதல் படிவம். அழிந்துபோன கேஸ் ஷீட்டில் இந்த ஒரு தாள் மட்டும் எப்படியோ பிழைத்திருக்கிறது. அச்சடித்த இங்கிலீஷ். கீழே என் கையெழுத்து. அட்மிஷன் போடும்போது நீட்டிய இடத்திலெல்லாம் போட்டதில் ஒன்று. நடுவில் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தது. வலை வைப்பது பற்றியும் அதனால் வரக்கூடியது பற்றியும் விளக்கப்பட்டது என்று பிலோமினா படித்துச் சொன்னாள். அந்த வரிக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு கையெழுத்து.

நா. நாச்சிமுத்து.

"சார்கிட்ட இதைப் பத்திக் கேட்டீங்களா மிஸ்?" என்றாள்.

"அவர் கையெழுத்து மாதிரி இல்லை" என்றேன். கல்யாணமாகி இருபத்தேழு வருடமாக எனக்குத் தெரிந்த கையெழுத்து அது. 'ச்'சின் புள்ளியைச் சுழித்து விடுவார்.

செப்டம்பர் 16, சனி

ஒட்டடை அடித்தேன். பரண் முழுவதும்.

செப்டம்பர் 17, ஞாயிறு

போர்வைகள் துவைத்தேன். அவருக்குப் பிடிக்கும் என்று ஆட்டுக்கால் சூப் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றார். வலி எட்டு.

செப்டம்பர் 19, செவ்வாய்

கேட்கவில்லை.

அக்டோபர் 2, திங்கள்

லீவு. இருவரும் வீட்டில். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளின் ஜெராக்ஸை அவர் படிக்கும் பக்கத்தின் மேலேயே வைத்தேன்.

நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நான்தான் போட்டேன்" என்றார்.

"என்ன சொல்லிப் போடச் சொன்னாங்க?"

"உன்னைய உள்ளார கூட்டிட்டுப் போயிட்டாங்க. டாக்டர் வெளிய வந்தாரு. ரெண்டு வழி இருக்குது, தைச்சா மூணு மாசம் படுக்கோணும், வலை வெச்சா ஆறு வாரத்துல எந்திரிச்சு ஓடலாம்னாரு. நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு ஏதாச்சும் தொந்தரவு வரும், பாத்துக்கலாம்னாரு. நீ அந்த வருசம் ஜோனல் போட்டிக்குப் பொண்ணுகளைக் கூட்டிட்டுப் போகோணும்னு ஒத்தக்கால்ல நின்னே. நான் யோசிக்கவே இல்ல புள்ள. வேகமா ஆகட்டும்னு போட்டுட்டேன்."

"நாலு வருசமா ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"மொதல்ல நல்லாத்தான இருந்துச்சு. சொல்றதுக்கு என்ன இருக்குதுன்னு இருந்துட்டேன். அப்பறம் உனக்கு வலின்னு ஆச்சு. எனக்கும் அப்படி ஆச்சு. அதாத்தான் இருக்கும்னு ஒரு நெனப்பு வந்துச்சு."

"வந்து?"

"சொன்னா, நான்தான் உனக்கு இதைப் பண்ணுனேன்னு ஆயிருமில்ல."

பேப்பர் காற்றில் பறந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"அதனாலதான் ஹால்ல படுத்துக்கிட்டீங்களா?"

"உம்பக்கத்துல படுத்தா உனக்கு நோவு வந்துருமேன்னு பயம். வேற என்ன?"

நான் மூன்று வருடமாக வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

அவரைத் திட்டலாம் என்று எழுந்தேன். எனக்காகத்தான் செய்திருக்கிறார். டாக்டரைத் திட்டலாம் என்றால், அவருக்கு என் பெயர் கூட மறக்கவில்லை, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

நவம்பர் 22, புதன், சென்னை

நாளைக்கு ஆபரேஷன். வலையை எடுப்பதற்கு. கோயமுத்தூர் டாக்டரம்மாதான் இங்கே எழுதிக் கொடுத்தார். வைப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், எடுப்பவர்கள் கொஞ்சம் பேர்தான் என்றார். பவதாரணி லீவு போட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு இப்போதுதான் எல்லாம் தெரியும். "எனக்கு ஏம்மா சொல்லல?" என்று அவளும் கேட்கிறாள். இந்த வீட்டில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியாக ஆகிவிட்டது.

இங்கே ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறது. ஒரு சின்ன டாக்டர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டினார். முழுவதும் எடுக்க முடியாமல் போகலாம். பழைய தொந்தரவு திரும்ப வரலாம். நான் ஒவ்வொரு வரிக்கும் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் என்று தெரியவில்லை. தெரிந்து போடும் கையெழுத்தும் கையெழுத்துத்தான் போலிருக்கிறது. பேனா ஒன்றும் வேறு மாதிரி இல்லை.

நவம்பர் 25, சனி

எழுத முடிகிறது.

முக்கால்வாசி எடுத்துவிட்டார்களாம். மீதி மூத்திரக் குழாயைச் சுற்றிச் சதையோடு சதையாக ஒட்டி வளர்ந்துவிட்டது. இழுத்தால் குழாய் கிழியும், அதனால் விட்டுவிட்டார்கள்.

எடுத்ததைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். சின்ன டப்பாவில் கொண்டுவந்து காட்டினார்கள். கிழிந்த கொசுவலைத் துண்டுகள் மாதிரி நாலு. நீல நூல். கட்டை விரல் நகம் அளவு கூட இல்லை சில. இதுவா என்று கேட்டேன். இதுதான் என்றார் நர்ஸ்.

அவர் அந்த டப்பாவைப் பார்க்க மாட்டேன் என்று திரும்பிக்கொண்டார்.

ஜனவரி 20, 2024, சனி

கண்ணாடித் துண்டு இல்லை. உட்கார முடிகிறது, அரைமணி நேரம் வரைக்கும். வலி மூன்று.

காலையில் தும்மினேன். பாவாடை நனைந்துவிட்டது. 2018இல் எப்படி இருந்ததோ அப்படியே. இதற்குத்தான் அங்கே போனேன். நாற்பத்தைந்து வயதில் போனேன், ஐம்பதில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன், மீதி வலையோடு.

பொள்ளாச்சி ரோட்டுக் கடைக்கு அவர் போய் வந்தார். யாருக்கு என்று கேட்டார்களா என்றேன். "எம் பொண்டாட்டிக்குன்னேன்" என்றார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

எதிர்த்தரப்பு வக்கீல் அவருக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பியிருக்கிறார். பதினோரு கேள்வி. சத்தியப் பிரமாணத்தின் பேரில் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும்.

ஏழாவது கேள்வி: அறுவைச் சிகிச்சைக்கு முன் வலை பொருத்துவது பற்றியும் அதன் பின்விளைவுகள் பற்றியும் மருத்துவர் உங்களிடம் விளக்கினாரா?

பிலோமினா அதைப் போனில் எனக்குப் படித்துக் காட்டினாள். பிறகு, "என்ன எழுதணும்னு நான் சொல்லக் கூடாது மிஸ். ஆனா ஆமான்னு எழுதினா கேஸ் பாதி போயிடும். அதை மட்டும் தெரிஞ்சுக்கங்க" என்றாள்.

மார்ச் 1, வெள்ளி

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். ஆறு கேள்வி வரைக்கும் மடமடவென்று. ஏழில் பேனா நின்றது.

"என்ன எழுதட்டும் புள்ள? நீ சொல்றதை எழுதறேன். பொய் சொன்ன பாவம் என்னோட போகட்டும்."

"இல்லைன்னு எழுதுங்க" என்றேன்.

அதை மறைக்கக் கூடாது. முதலில் அப்படித்தான் சொன்னேன். ஒரு பக்கத்தைத் தவிர எல்லாவற்றையும் அழித்தவர்களுக்கு ஒரு பொய் போதாது என்றுதான் தோன்றியது.

அவர் 'இ' என்று எழுதினார். அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் அறை வாசலில் இரண்டு ஆண்கள் நின்று என் உடம்பைப் பற்றிப் பேசி முடித்திருக்கிறார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் முழிப்போடு படுத்திருந்தேன். ஒரு எட்டு உள்ளே வந்து கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். என் புகாரே அதுதான். அந்தப் பேச்சு நடக்கவே இல்லை என்று அவர் எழுதிவிட்டால், எனக்கு நடந்ததும் நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

"அடிச்சிருங்க. நடந்ததை எழுதுங்க."

"தோத்துருவோம்."

"எழுதுங்க."

மூன்று வாக்கியம் எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் தள்ளினார்.

'என்னிடம் சொன்னார். என் மனைவியிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.'

ஆகஸ்ட் 14, புதன்

உத்தரவு வந்துவிட்டது. நானும் போயிருந்தேன். நின்றுகொண்டிருந்தேன். "உட்காருங்கம்மா" என்றார் உறுப்பினர் ஒருவர். உட்கார்ந்தேன்.

வலை வெளியே வருவது மருத்துவ உலகம் அறிந்த பின்விளைவு என்று அரசு மருத்துவக் கல்லூரியின் நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. படிவத்தில் புகார்தாரரின் கையெழுத்து இருக்கிறது. கணவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் வலையைக் குறிப்பிடாததும், ஆவணங்களைத் தராததும் சேவைக் குறைபாடு. அதற்கு ஐம்பதாயிரம், வழக்குச் செலவுக்குப் பத்தாயிரம். சென்னையில் ஆபரேஷனுக்கு மட்டும் ஆனது அதைப்போல ஐந்து மடங்கு.

அவர் பதிலை உத்தரவில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். முதல் வாக்கியத்தை மட்டும். 'என்னிடம் சொன்னார்.'

மற்ற இரண்டு வாக்கியத்தையும் தேடி மூன்று தடவை புரட்டினேன். இல்லை.

வெளியே மரத்தடியில் டாக்டர் தண்டபாணி காருக்காக நின்றுகொண்டிருந்தார். நரைத்துப் போயிருக்கிறார். என்னைப் பார்த்ததும் தலையை லேசாக அசைத்தார். என் கை தானாகக் கும்பிடப் போனது. நிறுத்திவிட்டேன். இந்த ஒன்றரை வருடத்தில் என்னால் நிறுத்த முடிந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்காரரும் வந்திருந்தார், சேர்ந்துதான் பஸ் ஏறினோம். குண்டடம் தாண்டியதும், "நான் இல்லைன்னு எழுதியிருக்கோணும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்து எவ்வளவு நாளாயிற்று. பஸ்ஸில் எல்லோரும் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மேல்முறையீட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். மனைவியிடம் சொல்ல வேண்டியதைக் கணவனிடம் சொன்னால் போதுமா என்ற கேள்விக்கு உத்தரவில் பதிலே இல்லை, அதை வைத்துத்தான் போகிறோம் என்றாள் பிலோமினா. எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன்.

"வருசக் கணக்காகும் மிஸ்."

"அதுக்குள்ள ரிட்டயர் ஆயிருவேன்."

டீ வாங்கிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன். பெண் குரல். உடுமலைப் பக்கம், பெயர் ரங்கநாயகி, நூல் மில்லில் வேலை. வலை வழக்கில் 'தாராபுரம் ஆசிரியை' என்று பேப்பரில் மூன்று வரி போட்டிருந்தார்களாம். பள்ளிக்கூடத்துக்கு வந்து கேட்டு என் நம்பரை வாங்கியிருக்கிறாள்.

"எனக்கும் அதே ஆஸ்பத்திரிதானுங்க. அதே டாக்டருங்க." அவளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது. எனக்குத் தெரியும். நானே ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும், "ஆமாங்க, ஆமாங்க" என்றாள்.

"எடுத்துட்டாச் சரியாயிருமுங்களா டீச்சர்?"

ஆகிவிடும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. "முக்கால்வாசிதான் எடுப்பாங்கம்மா. வலி கொறையும். மூத்திரம் மறுபடியும் போகும்."

"அப்ப எடுக்காம இருந்தா?"

"வலி ஏறிக்கிட்டே போகும்."

அழவில்லை அவள். அப்புறம் மெதுவாக, "ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? உங்க வீட்டுக்காரரு உங்ககிட்டப் பேசறாருங்களா?"

"பேசறாரு."

"எத்தன நாள் ஆச்சுங்க, பேச ஆரம்பிக்கறதுக்கு?"

"மூணு வருசத்துக்கு மேல ஆச்சும்மா."

"எங்களுக்கு இப்பத்தானுங்க ஒண்ணரை வருசம் ஆகுது" என்றாள்.

என்னிடம் மருந்தின் பெயர் இருக்கிறது. வக்கீல் நம்பர் இருக்கிறது. எந்த டாக்டரிடம் போவது, எந்தத் தாளை எப்போது கேட்பது, எல்லாம் சொல்ல முடியும். இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

"அவரு பக்கத்துல இருக்காரா?"

"வாசல்லதான் உக்காந்திருக்காருங்க."

"போனைக் கொண்டுபோய் அவருகிட்டக் குடு."

"என்னன்னுங்க சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. குடு, போதும்."

என் வீட்டுக்காரர் ஹாலில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். என் போனை இவர் முன்னால் நீட்டினேன். யார் என்று கேட்டார். சொன்னேன். "நான் என்னத்தப் பேசறது?" என்றார். நான் நீட்டியபடியே நின்றேன்.

வாங்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் போனார். முதுகு மட்டும் தெரிந்தது. மூன்று நான்கு தடவை தொண்டையைச் செருமினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை போலிருக்கிறது.

"போனை வெச்சுறாதீங்க தம்பி" என்று அவர் சொல்வது கேட்டது. "வெச்சுறாதீங்க."